முட்டிக்கு மேலே ஒரு சாண்

முட்டி வலி என்று வருபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே எக்ஸ்ரே கவரைத்தான் முதலில் நீட்டுவார்கள். சித்தூரில் தமிழ் பேசுபவர்கள் "தேய்மானம்னு சொல்லிட்டாங்கம்மா" என்பார்கள். தெலுங்குக்காரர்கள் "குஜ்ஜு அரிகிப்போயிந்தி மேடம்" என்பார்கள். நான் படத்தை வாங்கிப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டு இன்ச் டேப்பை எடுப்பேன். காலை நீட்டச் சொல்லி, முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண், மேலே போய்ப் பேனாவால் ஒரு கோடு போடுவேன். அந்த இடத்தில் தொடையின் சுற்றளவை இரண்டு காலிலும் எடுத்து எழுதிக்கொள்வேன். வலிக்கிற கால் இளைத்திருக்கும். பல பேருக்கு அது டேப் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும்; ஆனால் அவர்கள் யாரும் அதுவரை கவனித்திருக்க மாட்டார்கள். வலி முட்டியில் இருக்கும்போது தொடையை ஏன் அளக்கிறீர்கள் என்று கேட்பார்கள். என் தொழிலில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். சித்தூரில் கிரீம்ஸ்பேட்டைப் பக்கம் சிறிய கிளினிக். வாரத்தில் சில நாள் திருப்பதி. 1911-இல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் சித்தூர். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் இன்றும் இங்கே நிறைய உண்டு. எங்கள் குடும்பமும் அப்படித்தான். என்னிடம் வருபவர்களிடம் இந்த முட்டி என்னென்ன வேலை பார்த்தது என்று கேட்டால் இந்தப் பக்கத்து மக்களின் பிழைப்பு முழுவதும் தெரிந்துவிடும். பெனுமூர் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் குந்தியபடியே நகர்ந்து களை பறித்தவர்கள், பங்காருபாளையத்தில் மாங்காய்க் கூடை சுமந்தவர்கள், கொப்பரை முன்னால் நின்று வெல்லம் காய்ச்சியவர்கள், காளஹஸ்தியில் தரையில் சப்பணம் போட்டுக் கலம்காரி வரைந்தவர்கள், திருமலைக் கல்யாணகட்டாவில் கால் மடக்கி உட்கார்ந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு மொட்டை அடித்தவர்கள். இவர்களுக்கு முட்டி தேய்ந்ததில் வியப்பில்லை. தேய்ந்த பிறகு இவர்களுக்குச் சொல்லப்படுகிற அறிவுரைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. "நடக்காதே, குனியாதே, படி ஏறாதே, உட்காரு." இந்த நான்கு சொல்லும் சேர்ந்து ஒரு மனுஷியைக் கட்டிலோடு கட்டிப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரேயை நான் குறைத்துச் சொல்லவில்லை. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-இல் 0 முதல் 4 வரை வகுத்த படிநிலைகளை வைத்துத்தான் இன்றும் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்பதைப் படம் காட்டும். அந்த ஆள் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதைக் காட்டாது. நான்காம் நிலைப் படத்தோடு சந்தைக்கு நடந்து போய் வருகிறவரையும், இரண்டாம் நிலையிலேயே கக்கூஸிலிருந்து எழுந்துகொள்ள முடியாமல் அழுகிறவரையும் அடுத்தடுத்து என் கிளினிக்கிலேயே பார்த்திருக்கிறேன். உடல் எடை, சர்க்கரை, தூக்கம், மனக்கவலை என்று இதற்குப் பல காரணங்கள். அவற்றில் நான் கை வைத்துத் தொட்டறியக்கூடிய, மாற்றக்கூடிய காரணம் தொடையின் முன்பக்கத் தசை. குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நான்கு பகுதிகளாகத் தொடங்கி, ஒன்றாகச் சேர்ந்து, முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பில் முடிகிற தசை. அமெரிக்காவில் இண்டியானாவில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் முட்டி வலியே இல்லாதவர்களிடம்கூட இந்தத் தசை வலுக் குறைந்திருந்தது என்று அதில் கண்டார்கள். வலிக்கிறது, அதனால் நடக்கவில்லை, அதனால் தசை இளைத்தது என்று மட்டுமே கணக்குப் போட முடியாது என்பது அதன் பொருள். தசைக்கு உள்ளேயும் ஏதோ நடக்கிறது.

அதைத் தொட்டுப் பார்க்க ஒரு சோதனை உண்டு. காலை நீட்டி உட்கார வைத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டைக் கீழே அமுக்குங்க" என்பேன். என் விரல்கள் முட்டிச் சில்லுக்கு மேலே, உள்பக்கமாகத் திரண்டிருக்கும் தசைமேல் இருக்கும். நல்ல காலில் அந்த இடம் உடனே கெட்டியாகும்; சில்லு மேல்நோக்கி இழுபடும். வலிக்கிற காலில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முகத்தில் முயற்சி தெரியும். பாதம் நடுங்கும், குதிகால் அமுங்கும், இடுப்பு இறுகும். என் விரலுக்கு அடியில் மட்டும் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் கழித்து லேசாகத் துடித்துவிட்டு அடங்கிப்போகும். "அமுக்கிக்கினுதானே இருக்கேன்" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. மூளை உத்தரவு போட்டுவிட்டது. அது தசைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

வழியில் தடுப்பது மூட்டுக்குள் கோத்திருக்கும் நீர். 1984-இல் ஓர் ஆய்வில், எந்தக் கோளாறும் இல்லாத முட்டிக்குள் உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். 20, 30 மில்லி சேர்ந்ததுமே உள்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. தொடையின் மற்றப் பகுதிகள் அடங்க 50, 60 மில்லி வேண்டியிருந்தது. வலி இல்லை, காயம் இல்லை. நீர் சேர்ந்ததே போதுமாக இருந்தது. மூட்டு உறை விரிந்ததும் அங்கிருந்து போகும் செய்தியைக் கேட்டுத் தண்டுவடம் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. பல்பு நன்றாக இருந்தும் லைனில் வோல்டேஜ் இல்லாவிட்டால் மங்கலாக எரிவதைக் கிராமத்தில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அப்படித்தான் சொல்லிப் புரியவைப்பேன். ஆகவே வீங்கிய முட்டியோடு வருகிறவரை முதல் நாளே எடை தூக்கச் சொல்வதில்லை. ஐஸ் வைப்பேன், காலை உயர்த்தி வைக்கச் சொல்வேன், டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்வேன். ஐஸ் எடுத்த பிறகு கொஞ்ச நேரம் தசை முன்பைவிட நன்றாகச் சுருங்கும். அந்த நேரத்தை வீணாக்காமல் துண்டை அமுக்க வைப்பேன். என் விரலுக்கு அடியில் அது முதல்முறையாகக் கெட்டியாகும்போது, "இதோ பாருங்க" என்று அவர்கள் கையையே எடுத்து அங்கே வைப்பேன்.

அழற்சி என்ற பேச்சுக்கு இப்போது வருகிறேன். முடக்குவாதம் அழற்சி நோய், தேய்மானம் அழற்சி இல்லாத நோய் என்று பிரித்துத்தான் நாங்கள் படித்தோம். அந்தக் கோடு இப்போது அழிந்துவிட்டது. தேய்மானத்திலும் மூட்டின் உள்படலம் அழன்றிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. மெல்பர்னைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்களின் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அதில் அழற்சியைக் காட்டும் பொருள்களை அளந்து, அவர்கள் தொடையின் வலுவோடு ஒப்பிட்டார்கள். தேய்மானம் இல்லாதவர்களின் தசையைவிட இவர்கள் தசையில் அழற்சிக் குறிகள் கூடுதலாக இருந்தன. அந்தக் குறிகளுக்கும் தசையின் வலுக் குறைவுக்கும் தொடர்பு இருந்தது. அதைப் படித்தபோது என் விரலுக்கு நெடுநாளாகத் தெரிந்திருந்த ஒன்றுக்கு ஆதாரம் கிடைத்ததுபோல் இருந்தது. தொட்டால் தளர்ந்து, அழுத்தினால் வலித்து, வேலை கொடுத்தால் சீக்கிரம் சோர்ந்துபோகும் அந்தத் தசை, நோயில் பங்குள்ள தசை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அழற்சி என்றதும் சீழ், காய்ச்சல், சிவப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இது சத்தமில்லாமல், குறைந்த அளவில், வருடக்கணக்கில் இருந்துகொண்டிருக்கும் அழற்சி. சாதாரண ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபடாது. சர்க்கரை நோயும் வயிற்றுக் கொழுப்பும் இதற்குத் துணை போகின்றன. அழற்சிப் பொருள்கள் தசை புதிதாகப் புரதம் கட்டுவதைக் குறைக்கின்றன, இருப்பதைக் கரைக்கின்றன. தசை இளைத்ததும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் முட்டியே வாங்குகிறது. முட்டி மேலும் வீங்குகிறது. வீக்கம் தசையை மேலும் அடக்குகிறது.

இந்தச் சுழலை எங்கே வெட்டுவது? என் பதில், தசையை அசைத்துத்தான். கேட்டால் முரணாகத் தோன்றும். அழன்றிருக்கிற தசைக்கு வேலை கொடுத்தால் அழற்சி ஏறாதா? கோபன்ஹேகனில் பென்டே கிளார்லண்ட் பெடர்சன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் இதில்தான் உழைத்தார்கள். சுருங்கி விரியும் தசை இன்டர்லூக்கின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. சும்மா இருக்கும் உடம்பில் மாதக்கணக்கில் கூடுதலாக இருந்தால் தீமையோடு சேர்ந்து வரும் அதே பொருள், உடற்பயிற்சியின்போது சில மணி நேரம் ஏறி இறங்கும்போது அழற்சியைத் தணிக்கும் வேறு பொருள்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அதே நகரில் 2010-இல் இன்னொரு குழு இதை முட்டிக்குள்ளேயே பார்த்தது. தேய்மானம் உள்ள பெண்களின் மூட்டுக்குள் மிக மெல்லிய குழாயைச் செலுத்தி, காலுக்குப் பயிற்சி கொடுத்து அளந்தார்கள். அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 மூட்டுக்குள் கூடியது. பயிற்சி செய்த முட்டி தனக்கு வேண்டிய மருந்தைத் தானே சுரந்தது என்று நான் நோயாளிகளிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

மாறாக, அசைக்காமல் வைத்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் 2014-இல் ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலுக்கு மட்டும் மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 14 நாளில் தொடைத் தசையின் பருமன் 8 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வலு ஏறக்குறைய 23 சதவீதம் போனது. இளைஞர்களுக்கே இப்படி என்றால் அறுபத்தைந்து வயதுக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் புத்தூர் என்றாலே கட்டு. எலும்பு முறிவுக்கு அங்கே தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போடுகிறார்கள். சென்னையிலிருந்தும் அதற்குக் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஊரின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு எங்கெங்கோ கடை போட்டிருப்பவர்களிடம் முட்டித் தேய்மானத்துக்கும் இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் காலை மடக்காமல் வைத்திருந்து வருகிறவர்கள் உண்டு. கட்டைப் பிரித்தால் தொடை தொளதொளவென்று இருக்கும். முறிந்த எலும்பு கூடுவதற்கு அசையாமை வேண்டும். தேய்ந்த மூட்டுக்கு அது விஷம்.

பெனுமூர்ப் பக்கத்து அவ்வா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வேர்க்கடலைக் கொல்லையில் வாழ்நாளைக் கழித்தவர். மகன் பெங்களூரில் வேலை. அம்மா கஷ்டப்படக் கூடாதென்று கட்டில், வெஸ்டர்ன் கக்கூஸ், தண்ணீர் கொண்டுவந்து தர ஆள் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தான். ஒரு டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடம் ஓய்வெடுத்தார். என்னிடம் வந்தபோது மகனும் மருமகளும் இரண்டு பக்கமும் தாங்கித்தான் நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். கையை ஊன்றாமல் 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு 11 முறை என்பது சுமாரான அளவு. அவ்வாவால் ஒருமுறைகூட முடியவில்லை.

"அவ்வா, பயமா இருக்கா?" என்றேன்.

"பயம் இல்லம்மா. எழுந்தா இன்னும் தேய்ஞ்சிடும்னு சொன்னாங்களே."

எழுந்தால் தேயாது என்று அவருக்கு நம்பிக்கை வருவதற்கே பல வாரம் ஆனது. நாற்காலிமேல் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி அங்கிருந்து எழ வைத்தேன். உயரம் கூடினால் முட்டிக்குப் பளு குறையும். தசைக்கு வேலை கிடைக்கும். எழுவதைவிட உட்காருவதை மெல்லச் செய்யச் சொன்னேன். தொப்பென்று விழாமல், மனதுக்குள் ஐந்து எண்ணி இறங்க வேண்டும். தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிற அந்த வேலைதான் படி இறங்குவதற்கும் பள்ளத்தில் நடப்பதற்கும் உதவுவது. பிறகு ஒரு தலையணை. பிறகு வெறும் நாற்காலி. வீட்டில் செய்கிறாரா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. உழைத்துப் பழகிய உடம்பு. ஒரு வேலை கொடுத்தால் முடிக்காமல் விடமாட்டார். மாங்காய் சீசன் முடிகிற சமயம் அவ்வா கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்தார். எக்ஸ்ரே எடுத்தால் பழைய படம்தான் வரும். அவர் கொல்லை வரப்பில் நடந்துபோய் வருகிறார்.

வயசானவர்களுக்குத் தசை வளராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிகிறதென்றால் அறுபத்தைந்தில் முடியாதா?

வலியோடு பயிற்சி செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. கல்யாணகட்டாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து முழு விளக்கத்தையும் வாங்கினார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நீங்களே போடுங்கள் என்பேன். இரண்டு வரை கவலையே வேண்டாம். ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினால் எண்ணிக்கையையோ எடையையோ குறைக்க வேண்டும். மறுநாள் காலை எழும்போது வலி பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் முந்தின நாள் அளவு மீறிவிட்டது. நிறுத்திவிடக் கூடாது, குறைக்க வேண்டும். தசை வலியையும் மூட்டு வலியையும் பிரித்தறிவதும் முக்கியம். புதிதாகப் பயிற்சி செய்தவருக்குத் தொடையின் சதை முழுதும், பெரும்பாலும் இரண்டு காலிலும், ஒரு நாள் கழித்து வலிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். அது தசை பழகுகிற வலி. முட்டி மட்டும் வீங்கி, சூடாகி, காலை முழுதாக நீட்ட முடியாமல் போனால் அது மூட்டு அழன்றதன் அடையாளம். ஒரு முட்டி திடீரென்று சிவந்து காய்ச்சலோடு வீங்கினாலோ, கெண்டைக்கால் மட்டும் தடித்து வலித்தாலோ பயிற்சிக்கு வரக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திருப்பதியில் இருந்துகொண்டு படிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அலிபிரி வழியில் 3,550 படிகள். சீனிவாச மங்காபுரத்துப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டில் தூரமும் குறைவு, படிகளும் குறைவு. ஆனால் ஏற்றம் செங்குத்து. 1944-இல் விஸ்வேஸ்வரய்யாவின் திட்டப்படி மலைப்பாதை போடும்வரை எல்லாரும் நடந்தோ டோலியிலோதான் போனார்கள். அலிபிரி வழியில் கடைசிப் பகுதியில் வரும் ஏற்றத்துக்கு மோகாள்ள மெட்டு, அதாவது முழங்கால் படி, என்றே பெயர். புனித மலைமேல் பாதம் படக் கூடாதென்று இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. இன்றும் அங்கே முழங்காலால் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறும் பெண்களும் உண்டு. அவர்கள் பக்தியை நான் மதிக்கிறேன். என் வீட்டிலும் அந்த வேண்டுதல் உண்டு. மறுநாள் அவர்களில் சிலர் தங்கும் விடுதியின் படியில் ஒருக்களித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதையும் பார்க்கிறேன்.

பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்து 2010-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. சமதளத்தில் நடக்கும்போது முட்டிமேல் விழும் பளு உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல். இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்குக் கடினம் என்று பாட்டிமார் அனுபவத்தில் சொன்னதை அந்தக் கருவி உறுதிசெய்தது. தேய்மானம் உள்ளவர்கள் ஏறியே ஆக வேண்டுமென்றால் ஏறுங்கள், ஆனால் இறங்கும்போது பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இறங்கியே ஆக வேண்டிய இடத்தில் வலிக்கிற கால் முதலில் இறங்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில் ஏறட்டும். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்களே அதிகம். பழக்கமில்லாமல் ஏறிவிட்டு மறுநாள் தொடை கல்லாக வலித்து, சிறுநீர் கறுத்துப் போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சாப்பாட்டைக் கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. தசை புரதத்தால் ஆனது. வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். கணவர் போன பிறகு ரசம் சோறும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளும் பெண்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ராகி சங்கடியும் வேர்க்கடலைச் சட்னியும் இந்த மண்ணின் சாப்பாடு. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பு, தயிர், முட்டை, கிடைத்தால் நாட்டுக்கோழி என்று தட்டில் கூட்டச் சொல்வேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும். பருமனாக இருப்பவர்கள் சோற்றைக் குறைத்து எடையைக் குறைத்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் சுமார் 4 கிலோ பளு குறைகிறது.

ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். தாங்க முடியாத வலிக்கு டாக்டர் முடிவு செய்து எப்போதாவது போடுவதில் எனக்கு மறுப்பில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருப்பதைத்தான் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. வெறும் உப்பு நீர் ஏற்றியவர்களைவிட ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் கரைந்திருந்தது; வலியில் வித்தியாசம் இல்லை.

அறுவை சிகிச்சை வேண்டியவர்களுக்கு வேண்டியதுதான். கால் வளைந்து, இரவில் தூக்கம் போய், நாலடி நடக்க முடியாதவர்களிடம் பயிற்சி செய்தால் போதும் என்று சொல்வது கொடுமை. தேவஸ்தானம் 1985-இல் தொடங்கிய பர்ட் மருத்துவமனை திருப்பதியில் இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொண்டு அங்கிருந்து தன் காலில் நடந்து போனவர்களைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மாற்றுவது மூட்டை மட்டும். தொடைத் தசை பழைய தசைதான். அறுவைக்குப் பிறகு முதல் சில வாரம் அது இன்னும் வலுவிழக்கும். ஆகவே தேதி குறித்தவர்களிடம் அன்றே துண்டை அமுக்கத் தொடங்குங்கள் என்பேன்.

2015-இல் முட்டித் தேய்மானத்துக்கான உடற்பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரன் தொகுப்பு வந்தது. பயிற்சி வலியைக் குறைக்கிறது, செயல்பாட்டைக் கூட்டுகிறது, பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் 2 முதல் 6 மாதம் வரை பலன் தங்குகிறது என்று அது சொன்னது. அதற்குப் பிறகும் பலன் வேண்டுமென்றால் பயிற்சியைத் தொடர வேண்டும். பத்து நாள் கரன்ட் வைத்துவிட்டு, மெழுகு ஒத்தடம் கொடுத்துவிட்டு அனுப்பும் பிசியோதெரபி எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. படுத்திருக்கும் நோயாளிக்கு அது சுகமாக இருக்கும். தசையை அது வளர்க்காது. பயிற்சி சொல்லித்தராத பிசியோதெரபிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புரட்டாசிக்கு மலையேற வரும் பெரியவர்களுக்கும் அவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆனி மாதமே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் பத்துப் பத்தாக மூன்று தடவை. மெல்ல உட்காருங்கள், கையை ஊன்றாதீர்கள். ஆடி முடியும்போது வீட்டு மாடிப்படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் இருக்கிறது, தசைக்கு அது போதும்.